பத்து பத்து

ஜூலை 8, திங்கள்

ஆல்ட்மார் கம்பெனிக்காரர்கள் கோயமுத்தூர் ஹோட்டல் ஒன்றில் டீலர்களைக் கூப்பிட்டுச் சோறு போட்டு, ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். பாதி வருஷம் போன பிறகு டைரி கொடுக்கிறவனை என்ன சொல்ல? ஆனால் தோல் அட்டை, வழவழவென்று தாள். வீணாக்க மனசு வரவில்லை. எழுதுகிறேன்.

சரக்கு நன்றாகத்தான் இருக்கிறது. சுவிஸ் வாட்ச், பேட்டரி மெஷின். எஃகு உடம்பு, கீறல் விழாத கண்ணாடி, சுற்றும் வளையம், இருட்டில் பச்சையாய் ஒளிரும் முள். தண்ணீர் புகாமல் இருக்கச் சாவியைத் திருகி மூடும் வசதி. விலை இருபத்தெட்டாயிரம். சுவிஸ் என்ற பெயருக்கு இது மலிவு, திருப்பூருக்கு இது அதிகம் என்றேன். என் மனைவி கோகிலாவின் தம்பி, கடையில் என்னோடு நிற்கும் திருமூர்த்தி ஒத்துக்கொள்ளவில்லை.

"மாமா, மொதோ வாட்ச் வாங்கறவன் மணி பாக்கவா வாங்கறான்? மணி போன்லயே இருக்குதுங். நானும் ஒரு ஆளாயிட்டேன்னு கையத் திருப்பித் திருப்பிப் பாக்க வாங்கறான்."

பேசத் தெரிந்தவன். இருபது பீஸ் எடுத்தேன். வந்ததும் வழக்கம்போல் சாவியை இழுத்து, பத்து பத்தில் நிறுத்தி, கண்ணாடி அலமாரியில் அடுக்கினான். பத்து பத்து என்றால் இரண்டு முள்ளும் கை தூக்கினாற்போல் நிற்கும், நடுவில் கம்பெனி பெயர் பளிச்சென்று தெரியும், ஓடாததால் பேட்டரியும் மிச்சம். ஓரத்துத் திருகைக் கம்பெனிக்காரன் கிரௌன் என்கிறான். எங்களுக்கு அது சாவிதான். சாவி கொடுத்து ஓட்டிய காலத்துப் பேச்சு, பேட்டரி வந்தும் போகவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட்டேன். மகள் ஹேமாவுக்கும் திருமூர்த்திக்கும் வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. ஆவணியில் கல்யாணம். தாய்மாமனுக்கு உரிமை இருக்கிறது, கடைக்கு ஆள் இருக்கிறது, வெளியே போய் மாப்பிள்ளை தேடி அலைய வேண்டியதில்லை. பேருந்து நிலையத்து வாசலில் வாட்ச் வார் தொங்கவிட்டு விற்றவன் நான். கட்டியெழுப்பிய கடை முன்பின் தெரியாதவன் கைக்குப் போக விடுவேனா?

அவனுக்கு வயது முப்பத்தொன்று, ஹேமாவுக்கு இருபத்திரண்டு. பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.

தட்டில் வைக்க மாப்பிள்ளை வாட்ச் வேண்டுமே. அலமாரியிலிருந்து ஒரு ஆல்ட்மாரை எடுத்து அவன் கையில் நானே கட்டினேன்.

"பில்லு போட்டுருங்க மாமா," என்றான்.

"ஊட்டு மாப்பளைக்கு எதுக்குடா பில்லு?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

ஹேமா வாய் திறக்கவில்லை. பெண்பிள்ளை மௌனமாக இருந்தால் சம்மதம் என்றுதான் அர்த்தம்.

ஜூலை 20, சனி

ஆல்ட்மார் பிய்த்துக்கொண்டு போகிறது. பனியன் கம்பெனியில் ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர் பையன்கள் நாலு பேர் சேர்ந்து வந்தார்கள். முதல் சம்பள உயர்வாம். ஒருத்தன் கேட்டான்: "ப்ரோ, கலெக்‌ஷன் ஆரம்பிக்க இது போதுமா? ஆட்டோமேட்டிக் வாங்கணும்கறாங்களே?"

"மொதல்ல இத வாங்கிக் கட்டு," என்றான் மாப்ள. "ரெண்டு வருசம் இது கையில அடிபடட்டும். அப்பறம் உனக்கே தெரியும் எது வேணும்னு. ஆட்டோமேட்டிக் கை ஆட்டத்துல ஓடறது, மூணு நாள் கழட்டி வெச்சா நின்னுக்கும். இது உன்னய எதிர்பாக்காது, ஓடிக்கிட்டே கெடக்கும். பில்லும் வாரண்டி கார்டும் பத்திரம். பில்லு இல்லாத வாட்ச் யாரோட வாட்ச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

நாலு பேரும் வாங்கினார்கள். நானாயிருந்தால் ஒருத்தன்தான் வாங்கியிருப்பான். அதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன், அவனிடம் சொல்லப்போவதில்லை.

ஜூலை 27, சனி

கடை சாத்தும் நேரத்தில் மாப்ள வந்து நின்றான். கடையில் வேலை செய்யும் தேன்மொழியும் மற்ற பெண்களும் போய்விட்டார்கள்.

"மாமா, ஹேமா என்ற தோள்மேல தூங்குன புள்ளைங். பள்ளிக்கோடத்துக்குக் கொண்டுபோய் உட்டவன் நானு. அவள அப்படிப் பாக்க எனக்கு வரலீங். அவளுக்கும் வரல. அவ உங்ககிட்ட சொல்லப் பயப்படறா."

மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. ஊரெல்லாம் சொல்லியாயிற்று. சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்று எழுதி வைக்க இது கோர்ட் இல்லை. கோபத்தில் எவனும் பேசுகிறதுதான். அவன் கல்லாவைப் பூட்டி, "சரிங்க மாமா" என்றான். அதோடு முடிந்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நாளை ஆடிப் பதினெட்டு. கோகிலாவும் அவள் பெரியப்பா அங்கமுத்து குடும்பமும் வேன் பிடித்துக் கொடுமுடிக்குப் போகிறார்கள். காவிரியில் தண்ணீர் கரை முட்டிப் போகிறதாம். ஹேமாவுக்குத் தலைவலி, வரவில்லை. ஆடித் தள்ளுபடி நேரம், நானும் கடையை விட்டு நகர முடியாது. "என்ற தம்பியவாச்சும் உடுங்க, தொணைக்கு வரட்டும்" என்றாள். சரி என்றேன்.

மாப்ள இன்று கடையை ஒரு துப்புரவு பண்ணிவிட்டான். அலமாரிக் கண்ணாடியெல்லாம் துடைத்தான். எந்தப் பேட்டரி எந்தப் பெட்டியில், எந்தக் கம்பெனிக்காரனிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தேன்மொழிக்கு மத்தியானம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தான். சண்டையெல்லாம் மறந்து வேலையில் இறங்கிவிட்டான் என்று தெரிந்தது. மனசுக்கு நிம்மதி.

ஆகஸ்ட் 3, சனி

கொடுமுடியிலிருந்து போன். மாப்ளயைக் காணோம். ஆற்றில் தேடுகிறார்கள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நேற்றே போய்விட்டேன். திரும்பி வந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். 

படித்துறையில் நிற்க இடமில்லை, அவ்வளவு கூட்டம். கோகிலாவும் பெண்களும் முளைப்பாரி விட்டுப் பூஜை செய்துகொண்டிருந்தார்கள். மாப்ள தன் தோள்பையை அவள் பக்கத்தில் வைத்து, "அக்கா, இதப் பாத்துக்க. மாமாகிட்டக் குடுத்துரு" என்றானாம். குளிக்கத்தான் போகிறான் என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழ்ப்படியில் கூச்சல். சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்த யாரோ ஒரு ஆம்பளையை வெள்ளம் இழுத்துப் போனதைப் பார்த்ததாக ஒரு பொம்பளை சொன்னாள். எந்த ஊர், என்ன சட்டை, எதுவும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இவர்கள் ஆள் எண்ணிப் பார்த்தால் மாப்ள இல்லை.

தீயணைப்பு ஆட்கள் பரிசலில் போனார்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் உறுமிக்கொண்டு போகிறது. அதைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் ஓடவில்லை. 'இவனுக்கு நீச்சல் தெரியுமே' என்பதை மட்டும் திரும்பத் திரும்ப யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன். யாரிடம் என்று நினைவில்லை.

பையைப் போலீஸ் வாங்கிக்கொண்டது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆள் கிடைக்கவில்லை. பையைத் திருப்பிக் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உள்ளே கடைச் சாவிக்கொத்து, கடை போன், பிளாஸ்டிக் உறையில் ஆல்ட்மார் வாட்ச். வாட்ச்சை ஒரு பார்வை பார்த்தேன். வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை.

அங்கமுத்துப் பெரியப்பாதான் உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "மாப்பள, இதப் பாருங்! வாட்ச்சு நின்னு போச்சு! பத்து பத்து!"

கூச்சல் கேட்ட நேரமும் ஏறக்குறைய அதுதானே என்று யாரோ எடுத்துக்கொடுத்தார்கள். அவ்வளவுதான். "உசுரு போன நேரத்துல வாட்ச்சும் நின்னுபோச்சே சாமி" என்று பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கோகிலா அந்த உறையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இதுவரை விடவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

அரை நாள் கடை திறந்தேன். வீட்டில் உட்கார முடியவில்லை.

கடை போன் அடித்தது. எடுத்தால் பேச்சில்லை, மூச்சுச் சத்தம் மட்டும். எவனோ விளையாடுகிறான். துக்க வீட்டுக்காரனிடமா விளையாட்டு? நாலு வார்த்தை திட்டி வைத்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பெரியப்பா ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தார். பத்து மணி பத்து நிமிஷத்துக்கு நட்சத்திரம் சரியில்லையாம், அடைப்பாம். மூன்று மாதம் வீட்டில் ஒரு அறையை அடைத்து வைக்க வேண்டும், நல்ல காரியம் எதுவும் கூடாது. உடம்பு கிடைக்காததால் தர்ப்பையில் உருவம் செய்து பதினாறாம் நாள், அதாவது பதினெட்டாம் தேதி, காரியம் முடித்துவிட வேண்டும்.

நான் ஜோசியத்தை நம்புகிறவன் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். 

கோகிலா மட்டும், "என்ற தம்பிக்குப் புல்லுல பொம்மை செய்வீங்களா? ஊட்டுக்குள்ள கொண்டுவந்து பாருங்க" என்றாள். அழக்கூட இல்லை. அவள் குரலை அப்படிக் கேட்டதில்லை.

ஹேமா சாப்பிடுவதில்லை. நான் அறைக்குள் போனால் எழுந்து வெளியே போகிறாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

அன்றைக்கு வந்த நாலு பையன்களில் ஒருவன் வாட்ச் வார் சின்னதாக்க வந்தான். "மூர்த்தி ப்ரோ இல்லீங்களா?" என்றான். தேன்மொழி உள்ளே ஓடிவிட்டாள். நான்தான் வாரில் இரண்டு கண்ணி கழற்றிக் கொடுத்தேன். கை நழுவி ஊசி விழுந்தது. மூன்று தடவை விழுந்தது.

காரியத்துக்கு அரிசி, பாத்திரம் எல்லாம் சொல்லியாயிற்று.

ஆகஸ்ட் 14, புதன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பதினொரு மணி இருக்கும். ஆட்டோவில் கோகிலா வந்து இறங்கினாள். கடைக்கு அவள் வருவதில்லை. திறப்பு விழாவுக்கு வந்தாள், ஆயுதபூஜைக்கு வருவாள், அன்றைக்கும் கல்லாப் பக்கம் சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். கடை வேறு வீடு வேறு என்று நான்தான் அப்படி வைத்திருந்தேன். தம்பி உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். கையில் அதே உறை.

மாப்ளயின் ஸ்டூலில் உட்கார வைத்தேன். அவள் நிமிர்ந்தாள். எதிரே ஆல்ட்மார் அலமாரி. விளக்கு போட்டிருந்தது.

அலறினாள்.

தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவள் விரலை நீட்டிக் காட்டினாள். ஆல்ட்மார். அதற்குப் பக்கத்து அலமாரி. அதற்கடுத்தது. சுவர்க் கடிகாரங்கள்.

"எல்லாம் அதே நேரம்! அய்யோ, எல்லாம் என்ற தம்பி போன நேரம்! என்ன கடைங் இது? என்ன கடை வெச்சிருக்கறீங்க?"

தேன்மொழி ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அக்கா, அது நேரமே இல்லீங்கக்கா. விக்கறதுக்கு வெக்கற வாட்ச்ச எல்லாம் அப்படித்தான் வெப்போம். சாவிய இழுத்து, பத்து பத்துல நிறுத்திருவோம். மூர்த்தியண்ணன்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு."

கோகிலாவின் அழுகை நின்றது. கையிலிருந்த உறையைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்ப என்ற தம்பி இத விக்கறதுக்கா வெச்சான்?"

 கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டேன். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு நூறு தடவை பத்து பத்தைப் பார்க்கிறவன். அதனால்தான் எனக்குத் தெரியவில்லை. நிற்கிற வாட்ச் பத்து பத்து காட்டினால் என் கண்ணுக்கு அது நேரமே இல்லை, சரக்கு. வேறு எந்த நேரம் காட்டியிருந்தாலும் உடனே ஏன் என்று கேட்டிருப்பேன்.

உறையைக் கிழித்தேன். சாவி திருகு கழன்று, முழுதாக வெளியே இழுத்திருந்தது. ஆல்ட்மாரின் சாவி தானாகக் கழலாது. நகத்தால் பிடித்து நாலைந்து சுற்று சுற்றினால்தான் வெளியே வரும். பிறகு முள்ளை நகர்த்த வேண்டும். குளிக்கப் போகிறவன் கழற்றிப் பையில் போடுவான், அவ்வளவுதான். அதிலும் தண்ணீருக்கென்றே செய்த வாட்ச், அதைக் கழற்றவே தேவையில்லை.

இது குளிக்கப் போனவன் வைத்தது இல்லை. கடைக்குத் திருப்பிக் கொடுத்தவன் வைத்தது.

"மாமாகிட்டக் குடுத்துருன்னானே," என்றாள் கோகிலா. "ஏனுங், உங்களுக்கும் அவனுக்கும் என்ன நடந்துச்சு?"

கடையில் வைத்து எப்படிச் சொல்வது? ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

அதே நாள், சாயங்காலம்

சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. ஜூலை 27 அன்று நான் சொன்னது இதுதான்: "நான் போட்ட சோறு, நான் குடுத்த வேலை, நான் கட்டுன வாட்ச்சு. புடிக்கலீன்னா எல்லாத்தையும் வெச்சுட்டுப் போயிரு. சாவிய வெச்சுட்டுப் போ. நீ இருக்கறயா செத்தயான்னு கேக்க மாட்டேன்."

அதற்குத்தான் அவன் "சரிங்க மாமா" என்றான்.

கோகிலா கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. "அப்ப உசுரோட இருக்கறானா?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மை. சாகப் போகிறவனும் எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணி, ஒப்படைத்துவிட்டுத்தான் போவான். அதை அவளிடம் சொல்லவில்லை. ஆனால் கதவோரம் நின்ற ஹேமா சொல்லிவிட்டாள்.

"அப்பா, நான்தான் அவரச் சொல்லச் சொன்னேன். நீ சொல்லு மாமா, நீ சொன்னா அப்பா கேப்பாருன்னு நான்தான் அனுப்புனேன். அவரு ஆத்துல போயிருந்தா அது என்னாலதாம்ப்பா."

பதினோரு நாளாக இந்தப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு எனக்கு எதிரே நடந்திருக்கிறது. அவள் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதியிருக்கிறேன். மேலே புரட்டிப் பார்த்தேன். என் கையெழுத்துதான்.

ஆகஸ்ட் 15, வியாழன்

காலையில் பெரியப்பா வந்தார். காரியம் வேண்டாம், அவன் இருக்கிறான் என்று நினைக்கிறேன் என்றேன்.

"வாட்ச்ச வெச்சு நேரம் குறிச்சாச்சு மாப்பள!"

"அந்த வாட்ச்ச வெச்சுத்தான் நானும் சொல்றேனுங். அது நேரம் காட்டல."

"பின்ன என்னத்தக் காட்டுது?"

விளக்கினேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இருக்கிறதா என்று. "துக்கம் தலைக்கேறிருச்சு" என்று கோகிலாவிடம் மெதுவாகச் சொன்னார். பதினெட்டாம் தேதி சாமான் வந்து இறங்கும், யாரும் மறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ஆதாரம் வேண்டும். ஆள் வேண்டும்.

யோசித்தேன். அவன் கையில் போன் இல்லை. தெரிந்த தொழில் ஒன்றுதான். கொடுமுடி படித்துறையிலிருந்து ரயில் நிலையம் நடக்கிற தூரம். ஒரு பக்கம் ஈரோடு, அங்கே தெரிந்த முகம் நிறைய. மறுபக்கம் கரூர், திருச்சி. நானாயிருந்தால் திருச்சிப் பக்கம்தான் போவேன்.

கரூரிலிருந்து ஆரம்பித்து, எனக்குத் தெரிந்த வாட்ச் கடை ஒவ்வொன்றுக்கும் போன் போட்டேன். சுதந்திர தினம், பாதிக் கடை சாத்தியிருந்தது. எடுத்தவர்கள் எல்லாம் துக்கம் விசாரித்தார்கள். செய்தி பரவியிருக்கிறது. செத்தவனைத் தேடுகிற பைத்தியக்காரனைப் போல் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஒன்றுமில்லை. கோகிலா ஒவ்வொரு போனுக்கும் என் வாயையே பார்க்கிறாள். பார்க்காதே என்று சொல்ல முடியவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி ஒன்று. கல்யாண மாதம்.

மத்தியானம் திருச்சி சாகுல் பாயிடமிருந்து போன். பெரிய கடைவீதியில் மொத்த வியாபாரம், எனக்குப் பழைய பழக்கம். ஊருக்குப் போயிருந்து இன்றுதான் கடைக்கு வந்தாராம், என் செய்தியைப் பையன்கள் சொன்னார்களாம்.

"சென்னியப்பா, ஒரு விஷயம். என் தம்பி புதுசா ஒரு ஆளச் சேத்திருக்கான். பேரு மூர்த்தின்னு மட்டும் சொல்றான். ஊர் கேட்டா பதில் இல்ல. நம்ம கடையில அலமாரி வாட்ச்சு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மணி காட்டிக்கிட்டுத்தானே கெடக்கும்? இன்னைக்கு உள்ள நுழையறேன், அத்தனையும் பத்து பத்துல நிக்குது, சிப்பாய் மாதிரி. யார்றா இதுன்னு கேட்டேன். அவனக் காட்டுறானுங்க. உனக்குத்தான் போன் போடணும்னு தோணுச்சு."

"கன்னத்துல..." என்றேன். 

"இடது கன்னத்துல மச்சம். வா."

போனை வைத்தேன். கோகிலா என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தலையை ஆட்டினேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஹேமா அவள் மேல் விழுந்தாள். இரண்டு பேரும் சத்தம் போட்டு அழுதார்கள். பக்கத்து வீட்டுக்காரி உடம்பு கிடைத்துவிட்டது என்று நினைத்து ஓடிவந்தாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்றைக்குத்தான் தர்ப்பைப் பொம்மைக்கு நாள் குறித்தது. விடிந்ததும் மூன்று பேரும் திருச்சிக்குக் காரில் கிளம்பினோம். கிளம்பும் முன் கடையைத் திறந்து ஒரு வேலை செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

சாகுல் பாய் கடையில் ஞாயிறு வியாபாரம் உண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு கிழவருக்கு வாட்ச் காட்டிக்கொண்டிருந்தான். கொஞ்சம் இளைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஆச்சரியம் இல்லை. பின்னால் அக்காவைப் பார்த்ததும்தான் வாட்ச் கையிலிருந்து மேஜைமேல் விழுந்தது.

கோகிலா ஓடிப்போய் அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "பாவி, பொம்மை செய்ய இருந்தாங்கடா! உனக்குப் புல்லுல பொம்மை!"

அவனுக்குப் புரியவில்லை. "என்னக்கா பொம்மை? எதுக்கு?"

ஹேமாதான் சொன்னாள். ஆறு, கூச்சல், பரிசல், அடைப்பு, பதினாறாம் நாள். கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது. கிழவர் வாங்க வந்ததை மறந்து நின்றார்.

"நான் தண்ணியில கால் வெக்கவே இல்லியே! பைய வெச்சுட்டு நேரா ஸ்டேஷனுக்குல்ல போனேன்." என் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்க வாட்ச்சப் பாத்தீங்கல்ல? பத்து பத்துல வெச்சிருந்தேனே. சாவிய வெச்சுட்டுப் போன்னீங்க. கடைச் சாவிய வெச்சேன். வாட்ச்சுச் சாவியையும் இழுத்து வெச்சேன். மாமாவுக்கு ஒரு பார்வை போதும், சரக்கத் திருப்பிட்டான்னு தெரிஞ்சுக்குவாரு, அக்காகிட்டப் பக்குவமாச் சொல்லிக்குவாருன்னு நெனச்சேன்."

"பாத்தேன்டா," என்றேன். "பாத்தும் தெரியல."

"போன் பண்ணுனேனுங் மாமா. அஞ்சாறு நாள் கழிச்சு, கடைக்கு. அக்கா எப்படி இருக்கறான்னு கேக்கலாம்னு. நீங்க எடுத்தீங்க. உங்க குரலக் கேட்டதும் பேச்சு வரல."

எட்டாம் தேதி. மூச்சுச் சத்தம்.

"என்னன்னு திட்டுனேன்?"

அவன் தரையைப் பார்த்தான். "போய்த் தொலைன்னீங்க. அப்பறம் பண்ணல."

 சாகுல் பாய் ஒரு நாற்காலியை என் பின்னால் தள்ளினார். உட்கார்ந்தேன்.

காலையில் செய்த வேலை இதுதான். அவன் வாட்ச்சின் பெட்டியைத் தேடி எடுத்து, வாரண்டி கார்டில் கடை முத்திரை குத்தி, பெயர் எழுதுமிடத்தில் 'வெ. திருமூர்த்தி' என்று எழுதி, பில் போட்டேன். இரண்டையும் அவன் திருப்பிய அதே வாட்ச்சோடு அவன் முன்னால் மேஜைமேல் வைத்தேன்.

"கல்யாணம் இல்ல," என்றேன். "இல்லவே இல்ல. மண்டபத்துக்காரனுக்கு ஆள் சொல்லி உட்டுட்டேன். இது மாப்பள வாட்ச் இல்ல. உன்ற வாட்ச்."

அவன் பில்லை எடுத்துப் படித்தான். வியாபாரி படிக்கிற மாதிரி, மேலிருந்து கீழ் வரைக்கும். தேதியைப் பார்த்தான்.

"பழைய தேதி போட்டிருக்கலாமே மாமா. வாரண்டி ஒரு மாசம் கூடப் போகுது. கம்பெனிக்காரன் கேட்டா?"

"கேட்டா நான் பேசிக்கறேன்."

அப்போதுதான் சிரித்தான். எதிர்ச் சுவரில் ஓடிக்கொண்டிருந்த ஒரே கடிகாரத்தைப் பார்த்து முள்ளைத் திருப்பினான், சாவியை உள்ளே அழுத்தினான். நொடி முள் ஒரு துள்ளு துள்ளி நடக்க ஆரம்பித்தது. சாவியைத் திருகி மூடிக் கையில் கட்டிக்கொண்டான். ஹேமா கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "உனக்கு இது நல்லாவே இல்ல மாமா" என்றாள். "பழகிக்கும் போ," என்றான்.

எங்களோடு வரச் சொன்னேன். சாகுல் பாய் தம்பியிடம் வார்த்தை கொடுத்துவிட்டானாம், தீபாவளி வரை இங்கேதானாம். அதற்குப் பிறகு என்றேன்.

"அப்பறம் பாக்கலாமுங் மாமா. வந்தாலும் சம்பளத்துக்குத்தான் வருவேன். சோத்துக்கு வரமாட்டேன்."

அந்தச் சோறு என் வாயிலிருந்து போனதுதான்.  "சரி மாப்ள" என்றேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

ஆல்ட்மார் கம்பெனி ஆள் கடைக்கு வந்தார். அலமாரியைப் பார்த்ததும் திடுக்கிட்டுவிட்டார்.

"என்ன சார் இது, எல்லா வாட்ச்சும் ஓடுது? கம்பெனி பேரு மேல முள்ளு ஏறி நிக்குதே! பேட்டரி தீர்ந்துடாதா?"

"தீந்தா மாத்திக்கறேன்," என்றேன்.

கோகிலா இப்போது மத்தியானத்தில் கடைக்கு வருகிறாள். மாப்ளயின் ஸ்டூலில்தான் உட்காருகிறாள். என்னோடு அதிகம் பேசுவதில்லை. வந்ததும் முதல் வேலையாக எல்லா அலமாரியையும் ஒரு சுற்றுப் பார்ப்பாள். இன்று சரக்குப் பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து வைத்தேன், பழக்க தோஷத்தில் பத்து பத்தில் நிறுத்தி, சாவியை அழுத்த மறந்துவிட்டேன். அவள் எழுந்து வந்து, அதை எடுத்து என் கையில் கொடுத்தாள்.